எட்டுக்கு முன்னால் ஒன்பது

படம் தொடங்கிய பத்தாவது நிமிடமே பேபிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேதவல்லி தியேட்டரின் மூட்டைப்பூச்சி அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தின் பேர் ‘செங்கல்பட்டு தாண்டினா சொல்லு’. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குச் சீர் பீரோ கொண்டுபோய்ச் சேர்க்க, தாம்பரத்திலிருந்து இரண்டு பையன்கள் மெட்டடார் வேனில் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு பெண் ஏறிக்கொள்கிறாள். கதை அவ்வளவுதான். பீரோ சாவி தொலைகிறது. எப்படித் தொலைந்தது என்று கடைசிவரை யாரும் வாயைத் திறப்பதில்லை. மதுராந்தகத்தில் ஒரு தாடிக்காரன் அரிவாளோடு துரத்துகிறான். விழுப்புரத்தோடு அவனை மறந்துவிட்டார்கள். திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டுத் தெற்கே போகிற வண்டி, அடுத்த காட்சியில் வடக்கே இருக்கிற அச்சரப்பாக்கத்தின் பலகையைத் தாண்டுகிறது. தாம்பரத்துக்காரர்களிடமே இப்படிக் காது குத்த ஒரு துணிச்சல் வேண்டும்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல், அந்த மூன்று பேரையும் அவளுக்குப் பிடித்துப்போனதுதான். பல் தூக்கின பையன் சிரித்தால் தியேட்டரே சிரித்தது. கூட வந்தவன் வேனை மாடு மாதிரி தட்டிக்கொடுத்துப் பேசினான். அந்தப் பெண் மேக்கப் கலைந்த முகத்தோடு கொய்யாக்காய் கடித்தாள், நிஜமாகவே பசித்தவள் போல. நல்ல பிள்ளைகளைப் பிடித்து வந்து, போக ஊர் சொல்லாமல் ரோட்டில் விட்டிருக்கிறானே பாவி என்று பேபி பல்லைக் கடித்தாள்.

இடைவேளைக்குப் பிறகு ஒன்று நடந்தது. திருச்சி பஸ் ஸ்டாண்டில் பையன்கள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போய்விடுகிறாள். வேனின் நடு இருக்கை காலியாகக் கிடக்கிறது. கடித்து வைத்த கொய்யாக்காய் ஒன்று அதன்மேல் உருள்கிறது. உடனே அடுத்த காட்சியில் அவள் திரும்பவும் அதே இருக்கையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். மூன்று பேரும் பாடுகிறார்கள், டீக்குச் சண்டை போடுகிறார்கள், அவள் பல் தூக்கின பையனின் தலையில் கொட்டுகிறாள். ஃபிளாஷ்பேக் என்று சொல்லக் கொசுவத்திச் சுருள் சுற்றவில்லை, யாரும் மோவாயில் கைவைத்து வானத்தைப் பார்க்கவில்லை. போனவளைப் போன பிறகு காட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கும்மாளம் முழுவதும், இவள் போகப்போகிறாள் என்ற நினைப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. பேபி அழுதுவிட்டாள். பக்கத்தில் முறுக்கு தின்ற ஆள் திரும்பிப் பார்த்ததும், “தூசி” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை மேட்னி அது.

முடிச்சூர் ஜெயவேலுவின் மகள் பேபி, பி.ஏ. வரலாறு. அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். சரியாகச் சொன்னால், முதலில் எழுத்துக் கூட்டியவளே அவள்தான். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் காலில் நர்ஸ் கட்டியிருந்த சீட்டில் ‘பேபி’ என்று இருந்ததாம். கவர்மென்ட்டே வைத்த பேர் என்று ஜெயவேலு அதையே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார். இருபத்து மூன்று வயதில், கோபம் மூக்கு நுனியில் நிற்கிற ஒருத்தியை ஊரே பேபி பேபி என்று கூப்பிடும்.

ஜெயவேலுவுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அந்தப் பேர்தான். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியபோது, “இதுல உன் பேரு எங்க கீது?” என்று கேட்டு, விரலால் தடவித் தடவி அந்த இரண்டு எழுத்தையும் மனசில் ஏற்றிக்கொண்டார்.

அவருக்கு எழுத்து தெரியாததால் வந்த வினையும் வீட்டில் இருந்தது. பெருங்களத்தூர் ராஜகோபால் மனை போடுவதற்காக அவரிடம் நிலம் வாங்கியபோது, பத்திரத்தில் அவர் விற்காத கிணற்றடித் துண்டையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். ஜெயவேலு கைநாட்டு வைத்தார். பேபி அப்போது பிளஸ் டூ. வீட்டுக்கு வந்து நகலைப் படித்தவள் அவள்தான். “கீழ நம்ம விரலு இருந்தா, மேல எழுதினதெல்லாம் நாம சொன்னதுதாம்பா” என்று அன்றைக்கு அவள்தான் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்ன நாளிலிருந்து, எழுதின எதன் கீழும் பேர் போடுவது அவளுக்கு விளையாட்டில்லை.

அந்த ராஜகோபால்தான் இப்போது ‘செங்கல்பட்டு தாண்டினா சொல்லு’ படத்தின் தயாரிப்பாளர், இயக்குநர், கதாசிரியர்.

தாம்பரம் மேற்கில் ‘தென்முனை’ என்று நான்கு பக்க வாரப் பத்திரிகை நடத்தினார் தட்சிணாமூர்த்தி. மூன்று பக்கம் விளம்பரம், ஒரு பக்கம் விளம்பரம் மாதிரி இருக்கும் செய்தி. எட்டு மாதமாக அங்கே பேபி பிழை திருத்தினாள். “என் பேர்ல ஒண்ணு போடுங்க சார்” என்று நச்சரித்து நச்சரித்து, இந்தப் பட விமர்சனத்தை வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் விமர்சனம் வந்தது. அரைப் பக்கம். ‘இந்தப் படத்தில் வண்டிக்கு ஸ்டியரிங் இருக்கிறது, கதைக்கு இல்லை’ என்று தொடங்கி, தாடிக்காரனையும் பீரோ சாவியையும் அச்சரப்பாக்கத்தையும் வரிசையாக நிற்க வைத்து வெளுத்திருந்தாள். நடிகர்கள் மூவரையும் மனசாரப் பாராட்டியிருந்தாள். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: ‘அந்தப் பெண் இறங்கிப் போன பிறகு அவள் சிரித்த நாளைக் காட்டுகிறாரே, அந்த ஓர் இடத்தில் மட்டும் இயக்குநர் தலையை உபயோகித்திருக்கிறார்.’ கீழே: ஜெ. பேபி, பி.ஏ.

திங்கட்கிழமை காலை ராஜகோபால் ஆபீசுக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறையச் சிரிப்பு. கெட்டவன் முகம் இருந்தால் மனுஷன் இவ்வளவு நிலம் வாங்கியிருக்க முடியாது.

“யாரு தட்சணா, இந்த பேபி?”

“நான்தான்” என்றாள்.

“அட, நம்ம ஜெயவேலண்ணன் பொண்ணு! தங்கச்சி, திட்டு, நல்லா திட்டு, எனக்கு ஒண்ணும் இல்ல. படம் பார்த்துட்டுத் திட்டும்மா.”

“பார்த்துட்டுத்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை, வேதவல்லி, மேட்னி.”

“போன பொண்ணு சிரிச்ச நாளைக் காட்டுறாரா? எங்கம்மா காட்டினேன்? சிரிக்கிறா, பாடுறா, அப்பறம் போறா. ஊருல உலகத்துல நடக்கிறாப்பல நேராத்தான எடுத்து வச்சிருக்கேன்.”

“இல்ல சார். முதல்ல போறா. அப்பறம்தான் பாட்டு.”

ராஜகோபால் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார்.

பேபி பையைத் துழாவிக் கிழிந்த டிக்கெட்டை எடுத்து வைத்தாள். ராஜகோபால் அதைத் தொடக்கூட இல்லை. “டிக்கெட் வாங்கினவ எல்லாம் படம் பார்த்தவளா தங்கச்சி? எவளோ கதை சொல்லியிருப்பா, நீ எழுதியிருப்பே. சின்னப் பொண்ணு, போவுது. வர ஞாயித்துக்கெழமை ஒரு வருத்தம் போட்டுடு தட்சணா. அவ பேர்லயே.”

அவர் போனதும் தட்சிணாமூர்த்தி தாளை இழுத்துத் தானே எழுத ஆரம்பித்தார். ‘படத்தை முழுமையாகப் பார்க்காமல் எழுதிவிட்டமைக்கு வருந்துகிறேன். ஜெ. பேபி.’ பி.ஏ.வை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

“நான் பார்க்காம எழுதல சார்.”

“எல்லாம் சரிம்மா. நம்ம பேப்பர்ல வர மனை விளம்பரம் பூரா அவரோடதுதான்.”

“இதுல என் பேர் வந்தா நான் பொய்க்காரின்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி. ஒரு நாள் குடுங்க. திரும்பப் பார்த்துட்டு வரேன். நான் தப்புன்னா நானே என் கையால எழுதறேன்.”

அன்றைக்கே மேட்னிக்குப் போனாள். இடைவேளை முடிந்தது. சிரித்தார்கள், பாடினார்கள், டீக்குச் சண்டை போட்டார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டு வந்தது, அந்தப் பெண் இறங்கிப் போனாள். ஏன் போகிறாள் என்று ஒரு மண்ணும் புரியவில்லை. முள்ளும் இல்லை, கண்ணீரும் இல்லை. ‘சரி, போறா’ என்று இருந்தது. நாலு வரிசை முன்னால் ஒருத்தர் வாய் திறந்து தூங்கினார்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை பார்த்தது என்ன? தன் கண்ணையே சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே! பேபி நேராக எழுந்து வெளியே போனாள். பக்கவாட்டு இரும்புப் படியில் ஏறி ஆபரேட்டர் ரூம் கதவைத் தட்டினாள்.

ஆபரேட்டர் அமீருதீனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். புரொஜக்டரின் கார்பன் புகை படிந்த பனியன். ஓடுகிற மெஷினில் ஒரு கண், இவள்மேல் ஒரு கண்.

“இன்னாம்மா, இங்கல்லாம் வரக்கூடாது.”

“வெள்ளிக்கிழமை மேட்னில அந்தப் பொண்ணு மொதல்ல போச்சு. இன்னிக்கு அப்பறம் போவுது. எது நெஜம்?”

அமீருதீன் கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“நானூறு பேரு பார்த்தாங்க. நீ ஒருத்திதாம்மா வந்து கேட்டது.”

அவர் சொன்னது இதுதான். படத்துக்கு இந்தப் பக்கம் ஒரே பிரதி. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் அதையே வைத்து ஓட்டுகிறார்கள். அங்கே ஆட்டம் முக்கால் மணி முன்னால் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல் பெட்டியை இங்கே தூக்கி வர இரண்டு ஆள். ஒரு பெட்டியை பாட்சா டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கொண்டுவருவார், அடுத்ததை யேசுதாசன் எலெக்ட்ரிக் ட்ரெயினில்.

“வெள்ளிக்கெழம பல்லாவரம் சந்தைம்மா. மறந்தே போச்சு எல்லாருக்கும். எட்டாவது பெட்டியோட பாட்சா சந்தையில மாட்டிக்கினான், கோழிக்கூண்டுக்கும் பழைய கட்டிலுக்கும் நடுவுல. பின்னாடி கெளம்பின யேசுதாசன் ஒம்பதோட ட்ரெயின்ல வந்து எறங்கிட்டான். இங்க ஏழு முடியப்போவுது. வெளிச்சம் போட்டா சீட்டைக் கிழிச்சுப்புடுவானுங்க. ஒம்பதைப் போட்டுட்டேன். அது முடியறதுக்குள்ள எட்டு வந்துச்சு. அதையும் போட்டேன்.”

“யாருமே கேக்கலியா?”

“விசில்கூட இல்ல. நானே பொந்து வழியா எட்டிப் பார்த்தேன். கம்முனு பார்த்துகினு கீறாங்க. ரெண்டு மூணு பொம்பளைங்க மூக்க சிந்துறாங்க.” குரலைத் தாழ்த்தினார். “நெஜத்த சொல்லட்டா? அப்படித்தான் நல்லா இருந்துச்சு. இந்த ஆளு எடுத்து வச்சதுக்கு அது எவ்ளோ தேவலாம்.”

பேபிக்குச் சிரிப்பதா, துப்புவதா என்று தெரியவில்லை. அவள் கண்ணீர் விட்டது பல்லாவரம் சந்தைக் கோழிக்கூண்டுக்கு. தலையை உபயோகித்த இயக்குநர் என்று அவள் எழுதியது ஒரு ட்ரெயின் டைம் டேபிளை. அதன் கீழே அவள் பேர்.

“நான் இதை எழுதணும்ணா.”

அமீருதீன் மெஷினை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “எழுதிக்கம்மா. என் பேரு வேணாம். மொதலாளிக்குத் தெரிஞ்சா இந்தப் படியில உருட்டி விட்டுடுவாரு. இருபத்திரண்டு வருஷமா ஒரு ரீல் மாத்திப் போட்டதில்ல. லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற இன்னா தெரியும்?”

அவரையும் பிடித்துப்போனது அவளுக்கு. அதுவும் எரிச்சலாக இருந்தது. எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள்; நடக்கிறது மட்டும் அசிங்கமாக இருக்கிறது.

“உங்க பேர் வராது” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஆபீசில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். ‘நான் பாராட்டிய இடம் இயக்குநர் செய்ததல்ல. நான் பார்த்த காட்சியில் இரண்டு ரீல்கள் முன்பின் மாறி ஓடின. சரியான வரிசையில் மறுபடி பார்த்தேன். அந்த ஒரு பாராட்டையும் திரும்பப் பெறுகிறேன். இரண்டு ரீலை மாற்றிப் போட்டாலும் தெரியாத கதையை என்னவென்று சொல்வது?’ யார் மாற்றியது, ஏன் மாறியது என்று ஒரு சொல் இல்லை.

தட்சிணாமூர்த்திக்குப் படித்ததும் வேர்த்துவிட்டது. அச்சுக்கு அனுப்பும் முன்னால் ராஜகோபாலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ராஜகோபால் நின்றபடியே படித்தார். ஒரு தரம், இரண்டு தரம். பேபி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். இப்போது கத்துவான், கத்தட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அந்த ஆள் கத்தவில்லை. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது, கிணற்றடித் துண்டு கிடைத்த அன்றைக்கு மலர்ந்திருக்குமே, அப்படி.

“தங்கச்சி, அந்த மாதிரி பார்த்தப்போ அழுதியா நீ?”

“தூசி விழுந்தது” என்றாள் பேபி.

“அழுதிருக்கே. பொம்பளைங்க அழுதாங்களா?”

“அதுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?”

“தட்சணா, போனைக் குடு.” விநியோகஸ்தரைப் பிடித்தார். “ஆமாய்யா, ஒம்பதை மொதல்ல, எட்டை அப்பறம். எல்லா ஊருக்கும் சொல்லிடு. ஏன்னா? நான் சொல்றேன்யா, நான்தான டைரக்டரு! மொதல்லயே அப்படித்தான் யோசிச்சேன், எடிட்டர் கெடுத்துப்புட்டான்.”

போனை வைத்துவிட்டுப் பேபியைப் பார்த்துக் கும்பிட்டார். நிஜமாகவே நன்றி அந்த முகத்தில் இருந்தது. “நல்லா இருப்பே தங்கச்சி. வருத்தமெல்லாம் வேணாம். உன் விமர்சனம் அப்படியே இருக்கட்டும்.”

“அது பொய் சார். அதை நீங்க செய்யல.”

“அப்போ யாரு செஞ்சது? பேரைச் சொல்லேன்.”

‘லைசென்ஸ் போச்சுன்னா’ என்று அமீருதீன் சொன்னது அவள் காதில் கேட்டது. வாய் வரை வந்த பேரை விழுங்கினாள். மருந்து மாதிரி கசந்தது. ராஜகோபால் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“பாத்தியா, சுமுகமா முடிஞ்சது” என்றார் தட்சிணாமூர்த்தி. அவள் எழுதின தாளை நான்காக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே வைத்தார். “பேரு வரணும்னுதான இத்தினி நாளா கேட்டுக்கினு இருந்தே?”

வியாழக்கிழமை விடிந்ததும் ஜெயவேலு பெருங்களத்தூருக்குப் பால் வாங்கப் போனார். போனவர் திரும்பவில்லை. ஏழு மணிக்குப் பேபி சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போனாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில், தெற்கே போகிற பஸ் நிற்கும் இடத்தில், நீளச் சுவரில் ராத்திரி ஒட்டின போஸ்டர். மூன்று பேரும் வேனிலிருந்து தலையை நீட்டிச் சிரிக்கிறார்கள். ‘புதிய பொலிவுடன்! இடைவேளைக்குப் பின் இதுவரை காணாத திருப்பம்!’ அதற்குக் கீழே சிவப்பில்: ‘இயக்குநர் தலையை உபயோகித்திருக்கிறார்! - ஜெ. பேபி, பி.ஏ.’

முன்னாலும் பின்னாலும் இருந்ததை வெட்டிவிட்டார்கள். ‘அந்த ஓர் இடத்தில் மட்டும்’ போயே போய்விட்டது.

போஸ்டருக்குப் பக்கத்தில் பால் தூக்கோடு ஜெயவேலு நின்றார். செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணிடம் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். “இது என் பொண்ணும்மா. பேபி. இதோ, பே, பி. மேல இன்னா எழுதிக்கீது, கொஞ்சம் படியேன்.”

அந்தப் பெண் படித்துச் சொன்னாள். ஜெயவேலுவின் மார்பு நிமிர்ந்தது. மகளைக் கண்டதும், “வா வா! ஊரு பூரா ஒட்டிக்கீறாங்க! முடிச்சூர் ரோடு முனையிலகூட கீது!” என்றார்.

பேபி சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். போஸ்டரின் கீழ் ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினாள்.

“ஏ, ஏ! இன்னா பண்றே? உன் பேரும்மா அது!”

“பேர் என்னுது. மேல எழுதினது நான் சொன்னது இல்லப்பா.”

“பின்ன யாரு சொன்னது?”

“ராஜகோபால்.”

ஜெயவேலுவின் கை அந்த எழுத்துகளின் மேலேயே நின்றது. பஸ் ஒன்று வந்து நின்று, கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனது.

“கைநாட்டு கதையா?” என்றார்.

“அதே கதை.”

பேபி மறுபடி சுரண்டினாள். நகம் உடைந்தது. தாள் பிசிறு பிசிறாக வந்ததே தவிர, கழன்று வரவில்லை.

“காஞ்சதைச் சுரண்டினா வராது. இரு.” ஜெயவேலு பால் தூக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிர் டீக்கடைக்குப் போனார். ஒரு சொம்பு தண்ணீரும் தோசைத் திருப்பி ஒன்றும் கேட்டு வாங்கி வந்தார். தண்ணீரைக் கையில் அள்ளி, நாற்றங்காலுக்குத் தெளிக்கிற மாதிரி போஸ்டர் அடியில் தெளித்தார். ஊறட்டும் என்று காத்திருந்தார்.

“முழுசாக் கிழிக்கணுமா, பேரை மட்டும் எடுத்தா போதுமா?”

பேபி நிமிர்ந்து பார்த்தாள். பல் தூக்கின பையன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கையில் கொய்யாக்காய். அவர்கள் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

“பேரை மட்டும்.”

அவர் தோசைத் திருப்பியை அடியில் செருகினார். எழுத்து தெரியாத மனுஷர், அந்த இரண்டு எழுத்தும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்த்துப் பார்த்து, ஓரம் கிழியாமல் உரித்தார். ‘ஜெ.’யும் ‘பி.ஏ.’வும் மட்டும் சுவரில் மிச்சம் நின்றன. பேபி அவர் கையிலிருந்து திருப்பியை வாங்கி, அவற்றையும் சுரண்டி எடுத்தாள்.

ஜெயவேலு ஈரத் தாளை உருட்டிச் சாக்கடையில் போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“சொம்பைக் குடுத்துட்டு வரேன். முடிச்சூர் முனைக்குப் போறதுக்குள்ள வெயில் ஏறிடும், இன்னும் காஞ்சுடும்.”

“சொம்பும் திருப்பியும் நம்ம கிட்டயே இருக்கட்டும்பா” என்றாள் பேபி. “டீக்கடைக்காரர் கிட்ட சொல்லிட்டு வாங்க. வண்டலூர் வரைக்கும் ஒட்டியிருப்பான் அந்த ஆளு.”